உருவாரம் எப்போது பொம்மையாகிறது?

சென்னிமலையில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு மண் மாடு நிற்கிறது. குட்டைக் கால், உருண்டை வயிறு, முழிக்கிற கண். பார்த்தாலே சிரிப்பு வரும். உடுமலைப் பக்கம் போயிருந்தபோது ‘நல்லா இருக்கே’ என்று வாங்கி வந்தேன். அம்மாயி பார்த்துவிட்டு, “கோயல்ல வெக்கறத ஊட்டுல எதுக்கு கண்ணு வெச்சிருக்கற?” என்றார். அப்போது பதில் வரவில்லை.

கொங்கு நாட்டில் இதற்குப் பெயர் உருவாரம். மாடு கன்னு நோவு நொடியில்லாமல் இருக்க நேர்ந்துகொண்டு, அதன் உருவை மண்ணில் வாங்கிக் கோயிலில் வைப்பது வழக்கம். உடுமலைப்பேட்டை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலை ஒட்டி உருவாரங்கள் குவியும். வைத்தவர் திரும்ப எடுத்துப் போவதில்லை. அடுத்த தைக்குப் புதுசு.

இந்த மாடுகளை ‘வெகுளியான கலை’ என்று மெச்சுகிறவர்கள் உண்டு. அந்த மெச்சலில் எனக்கு உடன்பாடில்லை. கால் குட்டையாக இருப்பது கைக்குத் தெரியாமல் வந்ததல்ல. ஈர மண் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். மெலிந்த கால் காய்வதற்குள் வளைந்துவிடும். பெரிய உருவமென்றால் உள்ளே கூடு. காற்றும் ஆவியும் போக ஓட்டை விட வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கும். திமில், கொம்பு, கண் இருந்தால் மாடு என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் இழைத்தால் பண்டிகைக்குள் வேலை முடியாது. நமக்குச் சிரிப்பு மூட்டுவது மண்ணும் நெருப்பும் நாள்கணக்கும் சேர்ந்து போட்ட கணக்கு.

‘குயவர்கள் அலமாரிக்குச் செய்யப் போய்க் கலை கெட்டது’ என்பது இன்னொரு புலம்பல். மதுரைப் பக்கம் விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை இரண்டும் செய்கிறார்கள். பண்டிகைக்கு ஏற்ப உரு மாறுவது அந்தத் தொழிலுக்குப் புதிதல்ல.

மாறியது வாங்குகிறவன்தான். எங்கள் கட்டுத்தறியில் மாடு இல்லாமல் போய்ப் பல வருஷமாச்சு. நேர்ந்துகொள்ள எனக்கு ஒன்றுமில்லை. அதனால் உருவாரம் என் கையில் பொம்மையாகிவிட்டது. செய்தவர் அதை மாடாகத்தான் கொடுத்தார்.

அம்மாயிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். இன்னும் சொல்லவில்லை.