மெக்சிக்கோ நூதனசாலையில் மாயர் மரபு

நூதனசாலை என்பது பழம்பொருள்களைத் திரட்டிவைத்த வெறுங் களஞ்சியமன்று. எப்பொருளை எவ்விடத்தில், எதன் அருகில் வைப்பது என்னும் தெரிவிலேயே அதனை அமைத்தோரின் கருத்துப் பொதிந்து கிடக்கின்றது. ஆதலின் நூலொன்றை ஆராய்வது போலவே நூதனசாலையொன்றையும் ஆராய்தல் தகும். அவ்வாறு ஆராயத்தக்கவற்றுள் மெக்சிக்கோ நகரின் சப்புல்தெப்பெக் பூங்காவிலுள்ள தேசிய மானிடவியல் நூதனசாலை குறிப்பிடத்தக்கது. அதன்கண் மாயர் என்னும் தொல்குடியினர்க்கு அளிக்கப்பட்டுள்ள இடத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாயர் என்ற பெயரைக் கேட்டவுடன், இதிகாசங்கள் கூறும் அசுரத் தச்சனாகிய மயனோடு அவர்களைத் தொடர்புறுத்திப் பேசுவாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றையன்றி அக்கூற்றுக்கு ஆதாரம் இல்லை. மாயரின் நாடு மெக்சிக்கோவின் தென்கிழக்குப் பகுதி, குவாத்தமாலா, பெலீஸ் ஆகியவற்றையும் ஒந்துராஸ், எல் சல்வதோர் என்பவற்றின் மேற்குப் பகுதிகளையும் உள்ளடக்கியது. அவர்களது மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ முப்பது மொழிகள் இன்றும் வழங்குகின்றன. அவற்றைப் பேசுவோர் பல இலட்சம் மக்கள். அவர்களை மறைந்துபோன இனத்தார் என்று எழுதுவது எத்துணைப் பிழை என்பது இதனாற் புலப்படும்.

பேதுரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் என்னும் கட்டிடக் கலைஞரின் தலைமையில் எழுந்த இந்நூதனசாலை 1964ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. நடுமுற்றத்தின் ஒரு பகுதியை ஒற்றைத் தூண் தாங்கும் பெருங்கூரை கவிந்து நிற்க, அத்தூணைச் சூழ நீர் பொழிகின்றது. முற்றத்தைச் சுற்றிய மண்டபங்களின் கீழ்த்தளம் தொல்பொருள்களுக்கும், மேல்தளம் இன்று வாழும் பழங்குடிகளின் வாழ்வியலுக்கும் உரியன. கீழே முன்னோர், மேலே அவர்தம் வழித்தோன்றல்கள், இரண்டற்கும் இடையே அறாத தொடர்ச்சி என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து. கருத்து உயர்ந்தது. அது நிறைவேறியுள்ளதா என்பதே வினா.

கீழ்த்தளத்து மாயர் மண்டபத்தின் சிறப்பை முதலிற் கூறுதல் முறை. பலெங்கே நகரிலுள்ள கல்வெட்டுக் கோயிலின் தளத்தினடியில், கற்குவியலால் அடைக்கப்பட்ட படிக்கட்டொன்றை 1949இல் கண்ட அல்பெர்த்தோ ரூஸ், அதனைப் படிப்படியாக அகழ்ந்து 1952இல் அரசன் ஒருவனின் கல்லறையை அடைந்தார். அமெரிக்கப் பிரமிட்டுகள் கோயிலுக்கு அடித்தளமேயன்றிக் கல்லறைகளல்ல என்று அதுவரை நிலவிய பொதுக் கருத்தை இக்கண்டுபிடிப்பு மாற்றியது. நூதனசாலையில் இக்கல்லறையின் மாதிரி மண்டபத்தளத்தின் கீழே அமைக்கப்பட்டிருத்தலால், காண்போர் இறங்கிச் சென்றே அதனைக் காண்கின்றனர். அகழ்ந்தோன் பெற்ற அனுபவத்தின் சாயலைக் காண்போனும் பெறுகின்றான். பக்கம்பக்கமாக விளக்கக் குறிப்பு எழுதினும் இப்பயனை எய்துதல் அரிது. போனம்பாக் சுவரோவியங்களின் படியைக் குவாத்தமாலாவிற் பிறந்த ஓவியர் ரீனா லாசோ இங்குத் தீட்டியமையும் அத்தகையதே. காட்டினிடையே மங்கிவரும் எட்டாம் நூற்றாண்டு ஓவியத்தின் நிறத்தை நகரத்தார் அறிவதற்கு அது வழிசெய்கின்றது.

எனினும் மாயரின் பெரும் பேறு கற்கோயிலன்று, எழுத்தேயாம். 1562இல் யுக்கத்தானின் மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயரின் ஏடுகளை எரிப்பித்தார். இன்று எஞ்சியுள்ளவை நான்கு ஏடுகளே. திரெஸ்தன், மத்ரித், பாரிசு ஆகிய நகரங்களில் மூன்று உள. மெக்சிக்கோவிலுள்ள நான்காவது ஏடு மெய்யானது என்பது 2018இல் உறுதிப்படுத்தப்பட்டது. எழுத்தைப் படிக்கும் வழியை 1952இல் சோவியத்து அறிஞர் யூரி குனோரசவ் காட்டினார். கல்வெட்டுகள் அரசரின் வரலாற்றையே கூறுகின்றன என்பதை 1960இல் தத்தியானா புரொஸ்கூரியாக்கோவ் நிறுவினார். நூதனசாலை திறக்கப்பட்டபோது பலெங்கே அரசனின் பெயர் எவர்க்கும் தெரியாது. இன்றோ அவன் பக்கால் என்பதும், 603இல் பிறந்து, 615இல் முடிசூடி, 683இல் இறந்தான் என்பதும் தெளிவு.

இதனால் நூதனசாலையின் கடமை பெருகுகின்றது. யாசிலான் நகரத்துக் கட்டிடமொன்றின் மூன்று வாயில்களுக்கு மேலிருந்த சிற்பக் கற்கள் இதற்குத் தக்க சான்று. அரசனுக்குப் போர்க்கோலம் பூண உதவும் அரசியைக் காட்டும் கல் மெக்சிக்கோவில் உள்ளது. ஏனைய இரண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அல்பிரட் மோட்சிலி எடுத்துச்செல்ல, அவை இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றன. ஓர் அரசியின் பெயரால் ஒருங்கெழுந்த மூன்று கற்களை எங்கும் ஒருசேரக் காண இயலாது. மண்டபத்திலுள்ள கல்லின் அழகை வியந்து மீள்வோன் முழு வாக்கியத்தின் மூன்றிலொரு பகுதியையே படித்தவனாகின்றான்.

இனி மேல்தளம். அங்கே மாயர்தம் நெசவும் உடையும் வீடும் சடங்கும் பொம்மையுருவங்களின் துணையோடு காட்டப்படுகின்றன. தொகுப்பு செழுமையானதே. ஆயின் கீழே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாண்ட அரசனுக்குப் பெயரும் பிறந்த நாளும் உண்டு. மேலே தறியின் முன் அமர்ந்த உருவத்துக்குப் பெயரில்லை. அவ்வுருவம் ஓர் இனத்தின் வகைமாதிரியேயன்றி ஒரு மனிதரன்று. இறந்தோர் வரலாறு உடையராகவும் இருப்போர் வரலாறு அற்றவராகவும் தோன்றுவது இவ்வமைப்பின் பெருங்குறை.

வாழும் மாயர்க்கு வரலாறு இல்லாமலில்லை. 1994ஆம் ஆண்டின் முதல் நாளிலே சியாப்பாஸ் மாநிலத்தில் ஆயுதந் தாங்கி எழுந்தோரிற் பெரும்பாலார் மாயக் குடியினர். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமற்போயோ அழிந்தனர் என்றும், அடையாளங் காணப்பட்டோருள் நூற்றுக்கு 83 பேர் மாயர் என்றும் 1999இல் உண்மையறியும் ஆணைக்குழு அறிவித்தது. நூதனசாலையின் வாயிலிலேயே நிற்கும் 167 தொன் எடையுள்ள பெருங்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. அது மாயருடையதன்று, கொவாத்லிஞ்சான் என்னும் ஊருக்கு உரியது. 1964இல் அதனைப் பெயர்க்க வந்தபோது ஊரார் எதிர்த்தனர். படையினரின் காவலோடே கல் தலைநகரை அடைந்தது. முன்னோரைப் போற்றும் அரசு வழித்தோன்றல்களின் சொல்லைச் செவிமடுத்ததா என்ற வினாவை அக்கல் எழுப்பிக்கொண்டே நிற்கின்றது.

நூதனசாலை நாளேடு அன்று, அரசியற் பூசல்களுக்கு அங்கு இடமில்லை என்று சிலர் விடை கூறக்கூடும். முற்றத்தின் தலைப்பகுதியை மெசீக்கா மண்டபத்துக்கு அளித்து, ஏனைய இனத்தாரைப் பக்கங்களில் நிறுத்தியதே ஓர் அரசியற் கூற்றுத்தான் என்பதைக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1970இலேயே எடுத்துக்காட்டினார். ஆதலின் அரசியல் அங்குப் புகலாமா என்பது வினாவன்று. எவருடைய குரல் புகுவது என்பதே வினா.

குறையைக் களையும் வழி தொலைவில் இல்லை. பழைய கல்வெட்டுகளின் மொழிக்கு நெருங்கிய உறவுடைய சோல் மொழியைப் பேசுவோர் பலெங்கேயைச் சூழ்ந்த ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர். 1980களின் பிற்பகுதி தொட்டு, லிண்டா சீல் முதலிய அறிஞர்கள் குவாத்தமாலாவில் மாயர்க்கே அவர்தம் முன்னோரின் எழுத்தைக் கற்பித்தனர். கற்றோர் பிறர்க்குக் கற்பிக்கலாயினர். அத்தகையோர் கீழ்த்தளத்துக் கல்லைத் தம் மொழியிற் படித்துத் தம் பெயரோடு விளக்கம் எழுதுவாராயின், இரு தளங்களையும் உண்மையில் இணைக்கும் படிக்கட்டு அதுவேயாகும்.