சாயல் என்கிற குற்றச்சாட்டு

மணவூரில் ஒரு நண்பர் வீட்டுப் பின்கட்டில், முன்பு மாடு கட்டியிருந்த அறையில், சென்ற வருஷம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் உட்கார்ந்து ஒரு எண்ணெய் வண்ண உருவப்படத்தைப் பார்த்தோம். வரைந்தவரையும் சேர்த்து ஐந்து பேர் ஓவியர்கள். டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், அரக்கோணத்திலிருந்து இருவர், சென்னையில் ஓவியம் படித்த இளைஞர் ஒருவர். ஆறாவது ஆள் நான். தூரிகை பிடிக்கத் தெரியாது, வங்கியில் குமாஸ்தா. அன்று அங்கே பேசப்பட்டதைப் பற்றியும், நான் பேசாமல் இருந்ததைப் பற்றியும் எழுத வேண்டுமென்று ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

படத்தில் இருந்தது நண்பரின் தெருவில் இட்லி விற்கும் ஒரு அம்மாள். நண்பர் அத்தை என்று கூப்பிடுவார். உறவு ஒன்றும் கிடையாது. வயது எழுபதுக்கு மேல். எல்லைப் பக்கத்துக்கே உரிய, தெலுங்கு கலந்த பேச்சு. வியாபாரம் முடிந்து பத்து மணிக்கு மேல் வந்து, 11 தடவை உட்கார்ந்திருக்கிறாள். மூன்று தடவை நானும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். எண்ணெய் வண்ணத்தின் விசேஷமே அது காய்வதற்கு எடுத்துக்கொள்ளும் காலம்தான். அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் அதிகம். இந்த வரிசை மாறினால் மேல்பூச்சு பிற்பாடு வெடித்துவிடும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் உட்கார்ந்தவரும் மாறுகிறார், வரைபவரும் மாறுகிறார். முந்தின வாரத்து முகத்தின் மேல் இந்த வாரத்து முகம். ஃபோட்டோவுக்கு இந்தச் சங்கடம் கிடையாது.

தோலின் நிறத்துக்கு மட்டும் நண்பர் ஒரு மாதம் செலவழித்தார். கடையில் ஃப்ளெஷ் டின்ட் என்று ஒரு டியூப் விற்கிறார்கள். பிதுக்கினால் இளஞ்சிவப்பாக வருகிறது. யாருடைய சதை அது என்று யாரும் கேட்பதில்லை. வெயிலிலும் ஆவியிலும் வெந்த அந்தக் கறுப்பு முகத்தை அவர் பர்ன்ட் அம்பரிலும் காவியிலும் தொடங்கி, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வெளிச்சம் விழுகிற இடங்களில் கொஞ்சம் நீலத்தைக் கலந்தார். கறுத்த தோலில் ஜன்னல் வெளிச்சம் நீலமாகத்தான் விழுகிறது. பார்த்த பிறகுதான் எனக்கே இது தெரிந்தது, இத்தனை வருஷம் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தும்.

சக ஓவியர்கள் இதையெல்லாம் கவனித்தார்கள், பாராட்டவும் செய்தார்கள். எந்த எண்ணெய், எந்தக் கம்பெனி வர்ணம் என்று கேட்டார்கள். நண்பர் ஒளிக்காமல் சொன்னார். இது சின்ன விஷயமில்லை. ரவி வர்மா பதினான்கு வயதில், 1862இல், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்த ராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நாயக்கரின் சிஷ்யர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து கலவை முறைகளைச் சொல்லிவிட்டுப் போனாராம். 1868இல் வந்த தியடோர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரரும் கற்றுத்தரவில்லை. தான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அனுமதித்தார். எண்ணெய் வண்ணம் நம்மிடம் வந்து சேர்ந்த விதமே இப்படி, கதவிடுக்கு வழியாக. அந்த நாயக்கர் மணவூர் அறைக்கு வந்திருந்தால், ஐந்து பேர் எதிரில் ஒருவர் தன் பெட்டியைத் திறந்து காட்டுவதைக் கண்டு திகைத்துப் போயிருப்பார்.

ஆனால் கலவையைப் பகிர்ந்துகொண்ட அதே ஓவியர்கள் முகத்துக்கு வந்ததும் வேறு ஆட்களாகிவிட்டார்கள். மோவாய் நீளம் என்றார் ஒருவர். மேலுதடு இப்படி மடியாதே என்றார் இன்னொருவர். இளைஞர் வரும் வழியில் அந்த அம்மாளை செல்ஃபோனில் எடுத்து வந்திருந்தார். அதைப் படத்தின் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். எல்லோருடைய கண்ணும் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே போய் வந்தன. முடிவில் மாஸ்டர் சொன்னார்: "டெக்னிக் பிரமாதம். சாயல்தான் வரல."

இந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை. தினமும் செக்கில் இருக்கும் கையெழுத்தையும் எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். புதிதாக வருகிறவன் இரண்டும் அச்சாக இருக்க வேண்டும் என்று நினைப்பான். சில வருஷம் போனால் தெரிந்துவிடும்: உயிரோடிருக்கும் மனிதன் தன் கையெழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி போடுவதில்லை. மாதிரியோடு இம்மி பிசகாமல் பொருந்துகிற கையெழுத்துதான் சந்தேகத்துக்குரியது. அது மேலே வைத்துப் பார்த்து எழுதியது. நாங்கள் தேடுவது பொருத்தத்தை அல்ல, அந்தக் கை ஓடுகிற ஓட்டத்தை. மோவாயின் நீளத்தை செல்ஃபோனில் அளக்கிறவர்கள், மேலே வைத்து எழுதுகிறவனின் பக்கம் நிற்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. இதை அன்று நான் சொல்லவில்லை. ஓவியர்கள் கூட்டத்தில் குமாஸ்தா என்ன பேசுவது என்ற கூச்சம்.

இந்தக் குழப்பத்துக்கு அவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சென்னை ஓவியப் பள்ளியில் 1929 முதல் 1957 வரை தலைவராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி உருவச் சிலைகளில் கைதேர்ந்தவர். அவருக்குப் பின் வந்த பணிக்கர் 1963 வாக்கில் எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்த ஓவியங்களுக்குப் போனார். 1966இல் சோழமண்டலம் பிறந்தது. அங்கே நடந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஒரு குறிப்பிட்ட ஆளின் முகம் என்பது நவீன ஓவியன் தொடக்கூடாத சங்கதியாக, பேனர்க்காரனும் ஸ்டூடியோக்காரனும் பார்த்துக்கொள்ள வேண்டியதாக ஆயிற்று. பேனர்க்காரனையும் ஃபிளெக்ஸ் கொண்டுபோய்விட்டது. இன்று நம்மிடையே உருவப்படம் என்றால் தலைவருக்கு, அல்லது செத்தவருக்கு. படத்திறப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மாலையும் ஊதுவத்தியும்தான் ஞாபகம் வருகின்றன. உயிரோடிருக்கும் ஒரு இட்லிக்கார அம்மாளை 11 நாள் உட்காரவைத்துப் பார்ப்பது எதற்கு என்பதற்கு நம் நவீனத்திலும் பதில் இல்லை, பழமையிலும் இல்லை. அதனால் படத்தை மதிப்பிட நமக்குக் கிடைக்கும் ஒரே அளவுகோல் ஸ்டூடியோக்காரனுடையதாக இருக்கிறது.

பேச்சு ஓய்ந்த நேரத்தில் அந்த அம்மாளே பாத்திரத்தை வாங்கிப் போக வந்தாள். நண்பர் படத்தின் முன்னால் கூட்டிப் போனார். முடிந்த படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"எங்கம்மாவ நீ எங்க நைனா பாத்தே?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர், "பாத்தியா, அவங்களுக்கே தெரியல" என்றார். அவள் சிரிக்கவில்லை. தன் தாய்க்கு ஒரு ஃபோட்டோகூடக் கிடையாது, முப்பது வருஷமாக அந்த முகம் நினைவுக்கு வராமல் தவித்திருக்கிறேன் என்பதைத் துண்டு துண்டாகச் சொல்லிவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பிக்காஸோ 1906இல் கெர்ட்ரூட் ஸ்டைனின் படத்தில் தலையை அழித்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து ஆளைப் பாராமலே முகத்தை எழுதி முடித்த கதை பிரசித்தம். சாயல் இல்லை என்றவர்களுக்கு, இனிமேல் வரும் என்று சொன்னாராம். அங்கே முகம் முன்னால் இருக்கும் காலத்துக்குப் போயிற்று. மணவூரில் பின்னால் போயிருக்கிறது. 11 நாள் அந்த மடிந்த மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கை, அவருக்கே தெரியாமல், அந்த முகத்தில் இன்னொருத்தி இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் சொன்னது அன்று அந்த அறையில் பேசப்பட்ட ஒரே விமர்சனம். அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டார்கள். சிரித்தவர்களில் நானும் உண்டு.

மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. அழகை வேண்டாமென்று உதறி, பேயுருக் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையாரின் தலம். அம்மையாரின் சோழர் காலச் செப்புப் படிமம் ஒன்று இன்று அமெரிக்காவில் கான்ஸஸ் ஸிடி மியூஸியத்தில் இருக்கிறது. எலும்பும் தோலும், தொங்கும் முலையும், கையில் தாளமும். வார்த்த ஸ்தபதி அம்மையாரைப் பார்த்ததில்லை, பல நூற்றாண்டு கழித்துப் பிறந்தவன். படத்தில் பார்க்கும்போதெல்லாம் அது யாரோ ஒரு குறிப்பிட்ட கிழவி என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் தெருவில் இருந்தவளாக இருக்கலாம்.

நண்பர் அடுத்த வாரமே கத்தியால் வாய்ப்பக்கத்தைச் சுரண்டிவிட்டு, இளைஞரின் ஃபோட்டோவை வைத்துக்கொண்டு திருத்தினார். மோவாய் சரியாயிற்று. உதடு மடியவில்லை. மறுபடி கூடியபோது நான்கு பேரும் திருப்தி தெரிவித்தார்கள். படம் சென்னையில் ஒரு குழுக் காட்சிக்கும் போய் வந்தது. முந்தின படத்தை யாரும் ஃபோட்டோ எடுத்து வைக்கவில்லை.

திருத்திய படத்தை அந்த அம்மாளுக்குக் காட்டியபோது நான் இருந்தேன். "நல்லாகீது" என்றாள். உட்காரச் சொன்னோம். அரிசி ஊறப்போடணும் என்று கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, முதலில் எழுதியது எங்கே என்று கேட்டாள். இதுதான் அத்தை அது, என்றார் நண்பர்.