பிட்மேன் கையின் நீளம்

சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். திண்டுக்கல்லில் வண்டிப் பித்துப் பிடித்தவர்கள் கூடினால் பேச்சு அந்த வளைவுகளைச் சுற்றித்தான் போகும். எதில் எந்த கியர், எங்கே பிரேக்கைத் தொடக்கூடாது, எந்தத் திருப்பத்தில் எதிரே வாழைக்காய் லாரி வரும் என்று அவர்களுக்கு எல்லாம் மனப்பாடம். அவர்களிடம் டிராக் கார் மாடலைக் காட்டினால், "நேரா ஓடுற வண்டியில பாக்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். வளைவில் திறமையைக் காட்டுவது கண்ணுக்குத் தெரியும். 1320 அடி நேர்கோட்டில் ஒரு வண்டியை நேராகவே வைத்திருப்பதற்குள் எத்தனை பேரின் மூளை கசங்கியிருக்கிறது என்பது வண்டியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். மாடல் செய்கிறவனுக்கு அந்தப் பாக்கியம் உண்டு.

எனக்கு இதில் ஒரே ஒரு வண்டிதான் அளவுகோல். அமெரிக்க டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் ஸ்வாம்ப் ராட் 14. ஸ்லிங்ஷாட் என்ற பழைய வண்டி வகையின் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். முன்னால் நீண்டு கிடக்கும் இன்ஜின், பின் ஆக்ஸிலுக்கும் பின்னே ஒடுங்கி உட்கார்ந்த டிரைவர், அந்தக் கோட்டின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகின் விலை என்ன என்பது 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் தெரிந்தது. கார்லிட்ஸ் ஓட்டிய ஸ்லிங்ஷாட் புறப்பட்ட கணத்தில் அதன் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. வண்டி இரண்டு துண்டானது, கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. கால்களுக்கு நடுவே கிளட்சையும் டிரான்ஸ்மிஷனையும் வைத்துக்கொண்டு ஓட்டியதன் கணக்கு அது. இன்ஜினை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவர் முடிவெடுத்தார்.

அதற்கு முன்பும் பலர் பின்னால் இன்ஜின் வைத்துப் பார்த்தவர்கள்தான். வண்டி பாம்பாக நெளிந்தது, சில கவிழ்ந்தன. கார்லிட்ஸின் புது வண்டியான ராட் 14-உம் சோதனை ஓட்டங்களில் அடங்க மறுத்தது. அப்போது அவருடைய சேஸிக்காரர் கானி ஸ்விங்கிள் கண்டுபிடித்த தீர்வில்தான் என் உயிர் இருக்கிறது. ஸ்டியரிங்கை மந்தமாக்கு என்றார், அவ்வளவுதான். பின்னால் உட்கார்ந்து ஓட்டியவனுக்கு வண்டியின் வால் விலகுவது உடனே முதுகில் தெரியும். முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது தாமதமாகத்தான் தெரியும், தெரிந்ததும் அளவுக்கு மீறித் திருப்பிவிடுவான். கை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் கொஞ்சமே திரும்பினால் பிழை பெருகாது. 1971 தொடக்கத்தில் பொமோனா வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் அந்த வண்டி ஜெயித்தது. சில ஆண்டுகளுக்குள் டாப் ஃப்யூல் பிரிவில் ஸ்லிங்ஷாட்டுக்கே இடமில்லாமல் போனது.

ஆகவே யாராவது ஸ்வாம்ப் ராட் 14 மாடலை என் முன்னால் வைத்தால் நான் முதலில் பார்ப்பது கறுப்பு பெயின்ட்டை அல்ல. குனிந்து, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் பிட்மேன் கையையும், முன் ஆக்ஸிலில் அது போய்ச் சேரும் கையையும் பார்ப்பேன். பிட்மேன் கை குட்டையாக இருக்கவேண்டும், அல்லது ஆக்ஸில் பக்கத்துக் கை நீண்டிருக்கவேண்டும். இரண்டும் சம நீளத்தில் இருந்தால் செய்தவர் வண்டியின் உருவத்தை மட்டும் பிரதி எடுத்திருக்கிறார் என்று பொருள். 1/25 அளவில் அது நகக்கண் அளவுப் பித்தளைத் துண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகு எவருக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காக விடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இந்தத் துண்டைச் செய்வதற்கு உலகத்திலேயே தோதான ஊர் திண்டுக்கல் என்பது என் துணிபு. பூட்டுப் பட்டறைகள் குறைந்துவிட்டன, 2019-இல் புவிசார் குறியீடு வந்த பிறகும் அந்த வேலைக்குப் பிள்ளைகள் வருவதில்லை. ஆனாலும் லீவர் ராவுகிற பழைய கைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அப்படி ஒரு பெரியவர் அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் எனக்கு இந்தக் கையைச் செய்து காட்டினார். நான் வடிவத்தை வெட்டிவிட்டு ஓட்டை போடுவேன் என்று நினைத்திருந்தார் போலும், தகட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "மொதல்ல ஓட்டை தம்பி, அப்பறந்தான் உருவம்" என்றார். அகலத் தகட்டில் இரண்டு ஓட்டைகளையும் போட்டார். அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் கையின் நீளம், அது அங்கேயே முடிவாகிவிட்டது. பிறகு ஓட்டைகளைச் சுற்றி அரத்தால் ராவிக்கொண்டே வந்தார். அரம் முன்னால் போகும்போது மட்டும் கடித்தது, திரும்பும்போது தகட்டைத் தொடவே இல்லை. ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்த இடத்தில் இன்னும் ஒரு இழுப்பு. லெதர் துண்டில் தேய்த்துக் கொடுத்தபோது அதில் இயந்திரத்தில் வார்த்த எந்தப் பாகத்துக்கும் இல்லாத ஓர் ஓரக்கூர்மை இருந்தது.

அடுத்து பிளக் வயர். இந்த வண்டியின் ஹெமி இன்ஜினில் மேக்னெட்டோ முன்பக்கம். ராட் 14-இல் இன்ஜினின் முன்பக்கம் டிரைவரின் முதுகைப் பார்த்து நிற்கிறது. அதனால் எட்டு வயர்களும் அவர் தலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி, வால்வ் கவரின் நடுவில் உள்ள குழிகளுக்குள் இறங்குகின்றன. 8 மில்லிமீட்டர் வயர் 1/25-இல் 0.32 மில்லிமீட்டர். மோட்டார் காயில் கட்டும் கடையில் 30-ஆம் நம்பர் எனாமல் கம்பி கேட்டால் கிட்டத்தட்ட அதே அளவுதான் கிடைக்கும். கடையில் விற்கும் மாடல் வயர் செட்டுகளில் பெரும்பாலானவை தடித்தவை, இன்ஜின் மேல் கொடி படர்ந்த மாதிரி ஆகிவிடும். செம்புக் கம்பிக்கு இன்னொரு குணமும் உண்டு. வளைத்த வளைவில் நிற்கும், அதனால் வயர் தன் எடையில் தொய்ந்ததுபோல ஒரு சரிவைக் கையாலேயே கொடுக்கலாம். ஒவ்வொரு வயரும் வேறு நீளம், வேறு தொய்வு. எட்டும் ஒரே வளைவில் இருந்தால் அது பொய்.

சாதாரணக் கார் போன்ற கூட்டை மேலே மூடிய ஃபன்னி கார் வண்டிகளின் ரசிகர்கள் இங்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள். 1970-இல் மாட்டெல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் பெயரைப் போட்டு ஓடவிட்ட டான் ப்ருடோமின் மஞ்சள் 'ஸ்நேக்' பாராகுடாவும், டாம் மெக்யூவனின் சிவப்பு 'மங்கூஸ்' டஸ்டரும் எத்தனை பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுத்து வந்தன என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஃபன்னி காரில் கூட்டை மூடிவிட்டால் எல்லாம் டெக்கால், எல்லாம் பளபளப்பு. கூடு இல்லாத ராட் 14 போன்ற வண்டியில் ஒளிய இடமில்லை. குழாய், மூட்டு, எரிபொருள் லைன், கிளட்ச் கேன், எல்லாம் வெயிலில் நிற்கின்றன. ஒன்றரை அங்குலக் குழாய் 1.5 மில்லிமீட்டராகச் சுருங்கும்போது மூட்டில் ஈயம் ஒரு துளி அதிகமானாலும் அது கட்டியாகத் தெரியும்.

ராணுவ வண்டிகள் செய்து பழகியவர்கள் டிராக் காருக்கு வந்தால் வேறொரு தொல்லை. எல்லா இடத்திலும் அழுக்கைப் பூசுவார்கள். டாப் ஃப்யூல் வண்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே பிரித்துத் துடைத்து மாட்டுவார்கள். அழுக்கு இருக்கவேண்டிய இடங்கள் சொற்பம். ஹெடர் எனும் புகைக்குழாயின் நுனியில் வைக்கோல் நிறமும் அதை ஒட்டி நீலமும். கிளட்ச் கேனைச் சுற்றிக் கொஞ்சம் சாம்பல் தூசி. ஸ்லிக் டயருக்குப் பின்னால் ரப்பர் பொடி. மற்றதெல்லாம் சுத்தம். நைட்ரோமீத்தேன் எரிந்த ஹெடரில் துரு பூசியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

இன்னொன்று, பின் இறக்கை. பொமோனாவில் ஜெயித்த ராட் 14-க்குப் பின்னால் இறக்கை கிடையாது, அது பிறகு வந்தது. அடியில் 'வின்டர்நேஷனல்ஸ் 1971' என்று பெயர்ப்பலகை ஒட்டிவிட்டு மேலே இறக்கையும் மாட்டி வைக்கிறார்கள். நடுவர்கள் அதற்கே பரிசும் கொடுக்கிறார்கள்.

இப்போது எல்லாவற்றையும் 3D பிரின்டரில் அடித்துவிடுகிறார்கள். ப்ளோவர், இன்ஜெக்டர் தொப்பி, வெல்டிங் தழும்பு உட்பட அச்சு அசலாக வந்துவிடுகிறது. நான் பிரின்டரின் எதிரி இல்லை, ப்ளோவரின் பக்கவாட்டு விலா எலும்புகளைக் கையால் வெட்டியவன் அதை வரவேற்கத்தான் செய்வான். வருத்தம் வேறு. யாரோ கோப்பாக வரைந்து வைத்த இன்ஜினை இறக்கிப் பத்துப் பேர் பத்து வண்டியில் வைக்கும்போது, அதில் உள்ள தவறும் பத்து வண்டியில் உட்கார்ந்துவிடுகிறது. பழைய புகைப்படத்தை பூதக்கண்ணாடியில் வைத்து, முன்சக்கர விட்டத்தை வைத்து மற்ற அளவுகளைக் கணக்குப் போடும் பழக்கம் போய்விட்டது.

அந்தப் பழக்கம் இன்று மிச்சம் இருப்பது எங்கே என்று கேட்டால், ஃபோம் ஷீட்டில் பஸ் செய்கிற நம் பையன்களிடம் என்பேன். அரசுப் பேருந்தின் ஏணிக்கு எத்தனை படி, தனியார் பஸ்ஸின் பின் கண்ணாடி எந்தச் சாய்வு என்று ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டு வந்து வெட்டுகிறார்கள். கிட் என்ற ஒன்றே அவர்களுக்குக் கிடையாது. அவர்களில் நாலு பேர் டிராக் பக்கம் வந்தால் போதும்.

நம் ஊரில் அதற்கு வண்டியும் தயாராக இருக்கிறது. இந்திய டிராக் என்றால் இன்று பெரும்பாலும் பைக்தான். பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா போன்றவர்கள் தேசியப் பட்டங்களை அடுக்கியது பைக்கில்தான், சென்னைக்கு அருகே ஓட்டங்களும் நடக்கின்றன. டாமியாவின் 1/12 ஹயபூசா கிட் கிடைக்கிறது. அதில் சக்கரத்தையும் டேங்கையும் வைத்துக்கொண்டு பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைத் தூக்கிப் போட்டுவிடலாம். முன்சக்கரம் எழும்பாமல் இருக்க டிராக் பைக்கில் அது நீண்டிருக்கும், கிட்டில் அது வராது. பித்தளைச் சட்டத்தில் புதிதாகச் செய்யவேண்டும். செயினையும் அந்த நீளத்துக்கு நீட்ட வேண்டும், பிரேக் லைனையும் நீட்ட வேண்டும், இறக்கிய முன் ஃபோர்க்குக்குத் தக்க ஸ்டியரிங் ஸ்டாப்பரையும் பார்க்கவேண்டும். ஓட்டையை முதலில் போடுங்கள்.