வானம் படைத்ததா? துருக்கிய, சைபீரியப் படைப்புத் தொன்மங்கள் பற்றி ஒரு நோக்கு

துருக்கிய, சைபீரிய மக்களின் வானக் கடவுளை விளக்க முற்பட்டோருள் வில்ஹெல்ம் ஷ்மித், மிர்சியா எலியாடே ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். கத்தோலிக்கக் குருவான ஷ்மித் அங்கு ஆதி ஒருதெய்வக் கொள்கையைக் கண்டார். எலியாடேயோ, உலகைப் படைத்தபின் ஒதுங்கிக்கொண்ட பரம்பொருளைக் கண்டார். வெவ்வேறு காலங்களின், வெவ்வேறு சமூகங்களின் பனுவல்களை ஒன்றாகக் கலந்தே இருவரும் இம்முடிவுகளை எய்தினர். பனுவல்களைப் பிரித்து வாசிப்பின், படைத்தவனும் வானமும் ஒன்றல்ல என்பது புலனாகும்.

மொங்கோலியாவின் ஓர்க்கோன் பள்ளத்தாக்கில் கூல் தெகினின் நினைவாகக் கி.பி. 732இல் நாட்டப்பட்ட கல்வெட்டின் எழுத்துமுறையை 1893இல் டேனிய அறிஞர் வில்ஹெல்ம் தொம்சன் வாசித்தறிந்தார். வானும் நிலமும் மனிதரும் ஆக்கப்பட்டமையை அது சுருங்கச் சொல்லி, உடனே பூமின், இஸ்தெமி என்னும் ககான்களின் ஆட்சிக்குத் தாவுகிறது. வினை செயப்பாட்டில் உள்ளது. ஆக்கியவர் எவரென்று கூறப்படவில்லை. தெங்ரி எனப்படும் வானம் அங்கு ஆக்கப்பட்டவற்றுள் ஒன்றே. அது செயற்படுவது பின்னர்தான்: அரசனை உயர்த்துகிறது, வலிமை அளிக்கிறது, அரசுரிமையை வழங்குகிறது. மந்தைகளும் தலைவர்களும் தத்தமக்கெனக் கொண்டிருந்த குலங்களைத் தனியொரு ககானின்கீழ் நிறுத்துவதற்குக் குல முன்னோரின் ஆணை போதாது. எல்லா மேய்ச்சல் நிலங்களுக்கும் பொதுவான வானத்தின் ஆணை வேண்டியிருந்தது. தெங்ரி, நாடோடிப் பேரரசின் கருத்துநிலைத் தேவையே என்பது எமது கணிப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் றட்லொவ் முதலானோர் அல்தாய் மலைநாட்டில் பதிவுசெய்த கதைகளின் உலகம் வேறு. ஆதியில் எங்கும் நீர். நீரில் மூழ்கி மண் எடுத்து வந்தவன் அதில் ஒரு பகுதியை வாயில் ஒளிக்கிறான். அவனே பின்னர் கீழுலகின் தலைவனாகிய எர்லிக். ஒரு வடிவத்தில், தடியின் நுனி ஊன்றுமளவு நிலமே அவன் கெஞ்சிப் பெறுவது. தீமையின் தோற்றத்தை நிலப் பங்கீட்டுத் தகராறாகக் காணும் இக்கற்பனை, ரஷ்யப் பேரரசுக்கு மென்மயிர்த் திறை செலுத்திய மக்களிடையே வழங்கியது என்பதை மறத்தலாகாது. மிஷனரிகளின் செல்வாக்கும் இதிற் கலந்திருக்கலாம். ஆயினும் நீரில் மூழ்கி மண் எடுக்கும் கதைக்கூறு வட அமெரிக்கா வரை பரவியதாகலின், அனைத்தையும் விவிலியத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

யகுத்தியரிடையே சமூகமே கடவுளின் பெயரில் வெளிப்படையாக நிற்கிறது. ஊரூங் அய்யி தொயோன் என்பதிலுள்ள ‘தொயோன்’, அம்மக்களின் கால்நடைச் செல்வர்களான தலைவர்களைக் குறித்த சொல்லேயாகும்.

இதனைக் கொண்டு வானக் கடவுள் என்றுமே ஆளுவோரின் கருவியென முடிவுகட்டும் எளிய மார்க்சியமும் எமக்கு உடன்பாடன்று. 1904இல் அல்தாயில் சேத் செல்பான் என்னும் இடையரின் தலைமையில் எழுந்த புர்கான் இயக்கம் எர்லிக்குக்கான பலிகளை விலக்கி, வெண்மையான வானத் தெய்வத்தை வணங்கியது. ரஷ்யக் குடியேற்றவாசிகளிடம் நிலமிழந்து கொண்டிருந்தோரின் குரல் அது. வழிபடக் கூடியிருந்தோர் தாக்கப்பட்டனர், தலைவர்கள் சிறைப்பட்டனர். 1906இல் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இழந்த மேய்ச்சல் நிலம் அவ்வழக்கின் பொருளாக இருக்கவில்லை.