நாட்குறிப்பின் வாசகர்

நாட்குறிப்பு அந்தரங்கம், முகநூல் பகிரங்கம் என்கிற எதிர்வு எனக்கு ஒப்புதலில்லை. 1944இல் ஒரு வானொலி அறிவிப்பைக் கேட்டபின், வெளியிடும் எண்ணத்தோடுதான் ஆன் ஃபிராங்க் தன் குறிப்புகளைத் திருத்தி எழுதினார். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியது, துய்ப்ளேயின் அதிகாரத்தை உள்ளிருந்து பார்த்த பிரதி. வெளியுலகுக்குத் தெரியவந்தது 1846இல். வாசகர் உண்டு, பிந்தி வருகிறார், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில்தான் இன்னிக்கு எழுதினதை நாளைக்கு நாமே மறுக்க முடியும்.

முகநூலில் வாக்கியம் முடியறதுக்குள்ள வாசகர் வந்துடறார். யாருக்குப் பிடிக்கும், யார் வழக்குப் போடுவார் என்று கணக்குப் பார்த்தே தன்னிலை உருவாகிறது. 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015இல் ரத்துசெய்தது. நமக்குள் உட்கார்ந்திருக்கும் தணிக்கையாளரை யார் ரத்துசெய்வது? நாட்குறிப்பைக் கைவிடுகிற இயக்கத்தோழர் கூடவே சுயவிமர்சனத்தையும் கைவிடுகிறார்.