பங்கு போட்டால் ஒட்டுமா?

கோவேலண்ட் பாண்டுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் சகப்பிணைப்பு, இலங்கைப் பாடநூலில் பங்கீட்டு வலுப்பிணைப்பு. எனக்கு இரண்டுமே இரவல்தான். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்தது. படிவம் நான்கில் படித்தது 'இக்காத்தான் கொவாலென்'. இந்தச் சொற்களை எடைபோட வைத்தது ஜெராமில் இருக்கும் என் பாட்டி.

பாட்டி கித்தா மரம் சீவியவர். ஆசிட் ஊற்றினால் பால் ஏன் கட்டியாகிறது, அந்தக் கட்டிப்பால் அப்படியே ஏன் டயர் ஆகாது என்று ஒருநாள் கேட்டார். முதல் கேள்வி சுலபம். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களின் மேல் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். பார்மிக் ஆசிட் அதைச் சமன் செய்ததும் முட்டி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். பச்சை ரப்பரில் நீளநீளமான சங்கிலிகள் சும்மா பின்னிக் கிடக்கின்றன. சூட்டில் பிசுபிசுக்கும், இழுத்தால் நழுவும். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டதுபோல் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே கந்தகப் பாலம் விழும். அந்தப் பாலம்தான் கோவேலண்ட்.

"சகப்பிணைப்பு, பாட்டி" என்றேன். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. 'சக' என்பது 'கோ'வின் நேர்பெயர்ப்பு. கூட இருப்பதைச் சொல்லும், கூட இருந்து என்ன செய்கிறார்கள் என்று சொல்லாது. சரி, இலங்கைச் சொல் வேலையைச் சொல்கிறதே என்று, "ரெண்டு அணுவும் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்குது" என்றேன்.

"பங்கு போட்டுட்டா அப்புறம் எப்படிய்யா ஒட்டிக்கிட்டு இருக்கும்?"

நியாயமான கேள்வி. நம் ஊரில் பங்கு போடுவது பிரிவதற்குத்தான். நிலத்துக்கு வேலி, அண்ணன் தம்பிக்குத் தனி அடுப்பு. எலக்ட்ரான் சோடியோ பிரிக்கப்படுவதே இல்லை, இரண்டு கருவும் சேர்ந்து அதை இழுத்துப் பிடிக்கின்றன. இத்தனைக்கும் ஒரே அணு இரண்டு எலக்ட்ரானையும் தரும்போது தமிழ்நாட்டு நூல் ஈதல் சகப்பிணைப்பு என்கிறது. 'ஈதல்' என்று எழுதிய கைக்கு, சாதாரணப் பிணைப்புக்கு மட்டும் ஏன் ஒரு வினைச்சொல் கிடைக்கவில்லையோ!

பாட்டியே கொஞ்ச நேரம் யோசித்துக் கேட்டார்: "லயத்துல ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே பலகைச் சுவரு இருக்குமே, அந்த மாதிரியா?"

அதேதான். இந்த வீட்டுக்காரர் ஆணி அடித்தால் அந்த வீட்டுச் சாமி படம் விழும் என்றும் சொன்னார்.