பாதியில் நிற்கும் ஸ்பிட்ஃபயர்

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் ஸ்பிட்ஃபயர் போர் விமான மாதிரியை விற்பனைக்கு விட்ட காலத்திலிருந்தே, மாதிரி விமானம் கட்டுபவர்களுக்குக் கட்டும் வேகத்தைவிட வாங்கும் வேகம் அதிகம். அலமாரி நிறைந்ததும் கேள்வி வரும்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

சந்தையின் கணக்கு எளிது. பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டப்படாமல் இருந்தால் நல்ல விலை. ஒட்டத் தொடங்கியதும் விலை சரிந்துவிடும். இதை ஒட்டும் பசை பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. பெயிண்டை உரித்தாலும் உரிக்கலாம், அந்த ஒட்டைச் சேதமில்லாமல் பிரிப்பது கடினம்.

எனக்கோ அந்தப் பாதி கட்டிய நிலைதான் பிடிக்கும். 1/72 அளவு விமானி அறையை மூடுவதற்கு முன் பாருங்கள். விரல் நகம் அகலத்தில் கருவிப் பலகை. பெயிண்டைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடி எழுப்பிய வட்டங்கள். காகிதத்தில் கத்தரித்த இருக்கை வார். உடலின் இரு பாதிகளும் சேர்ந்துவிட்டால் இத்தனையும் இருட்டுக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாத இடத்தில் இவ்வளவு வேலையா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆகவே என் யோசனை சந்தைக்கு நேர் எதிர். பிரிக்காத பெட்டிகளை விற்றுவிடலாம். கிடக்கக் கிடக்க, சின்னங்களை ஒட்டும் டெகால் தாள் மஞ்சளாகும். கைபட்டதை வைத்துக்கொள்ளலாம். பாதி பாகம் தொலைந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் மட்டும் உதிரி டப்பாவுக்குப் போகட்டும். அதன் நான்கு புரொப்பெல்லர்களும் வேறெதற்காவது ஆகும்.